நாற்காலி திரும்பும் பாதை

போன மாதம் எங்கள் பழைய ஒபீஸ் பிள்ளைகள் போனில் ஒரு புதுச் சேதி சொன்னார்கள். இனிமேல் வீடு வாங்கக் கடன் கேட்டு வருகிறவர்களின் வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டியதில்லையாம். வாங்கப்போகிறவரே போனில் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம். வாசல், ஹோல், அடுப்படி, கக்கூசு என்று எல்லாம் வரிசையாக வந்துவிடுமாம். "நீங்கதான் மிஸ் தப்பான காலத்துல பொறந்துட்டீங்க, சும்மா மழையில நனைஞ்சு மலை மலையா ஏறியிருக்கீங்க" என்று ஒருத்தி சிரித்தாள். எனக்கு வந்ததே ஆத்திரம். "ஏம்மா, அந்தப் படத்துல ஈரம் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரன் மனசு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். பிளேன்டீ போட்டுக் குடித்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஹட்டனில் ஒரு சங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீடு வாங்கக் கடன் கொடுக்கிற சங்கம். கடன் கேட்டவர் எந்த வீட்டை வாங்க நினைக்கிறாரோ அதைப் போய்ப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கையெழுத்து விழாமல் கடன் ஓர் அங்குலம் நகராது. இதனால் எனக்கு வாழ்த்தும் கிடைத்திருக்கிறது, சாபமும் கிடைத்திருக்கிறது. புஷ்பம் மிஸ் என்றால் பூண்டுலோயாவிலிருந்து டயகம வரைக்கும் தெரியும். சிலர் தெருவில் கண்டால் கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கித் தருவார்கள். சிலர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு போவார்கள். இரண்டு கூட்டமும் நன்றாக இருக்கட்டும்.

நானும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள்தான். ஒரே காம்பராவில் சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் நடந்த குடும்பம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற ஆசை எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று வெளியாள் வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை பழகிய கதை பெரிய கதை இல்லை. எங்கள் மெனேஜர் விஜேசேகர சேர் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், அவ்வளவுதான். அவர் சிங்களவர். நெட்டை மனுஷன். பேச்சு மிகக் குறைவு. தமிழ் நன்றாக விளங்கும், பேச வராது. எதையும் விளக்கிச் சொல்லமாட்டார். அவர் செய்வதைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். புரியவில்லையென்றால் அது நம் தலைவிதி.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தண்ணீர் கேட்பார். தாகத்துக்காக இல்லை. வீட்டுக்காரி குழாயைத் திறந்து பிடிக்கிறாளா, பின்பக்கம் போய் வாளியில் மொண்டு வருகிறாளா என்று பார்ப்பதற்காக. குடித்து முடித்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் சொக்ஸோடு வீட்டின் கடைசி அறைக்குப் போவார். எங்கள் பக்கத்து வீடுகளில் கடைசி அறைதான் மலையோடு முதுகு ஒட்டிக் கிடக்கும். அங்கே போய்ச் சுவரைப் பார்த்தபடி பேசாமல் நிற்பார். சாமி கும்பிடுகிறாரோ என்று வீட்டு ஆட்கள் நினைத்துக்கொண்டு அவர்களும் கைகட்டி நிற்பார்கள். ஐயா கும்பிடவில்லை. தரையின் ஈரம் சொக்ஸில் ஏறுகிறதா என்று பார்க்கிறார். ஏறிவிட்டால் வாசற்படியில் உட்கார்ந்து, காற்சட்டைப் பையிலிருந்து காய்ந்த ஜோடியை எடுத்து மாட்டிக்கொள்வார். சொக்ஸ் மாறினால் அந்த வீடு அவ்வளவுதான் என்று எனக்கு விளங்கிவிடும்.

அப்புறம் வெளியே போய் மேட்டிலுள்ள மரங்களைப் பார்ப்பார். மரத்தின் அடி பள்ளத்துப் பக்கம் வளைந்திருந்தால் மண் மெல்ல மெல்ல நகர்கிறது என்று அர்த்தம். கடைசியாக எல்லோரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். அவருக்குச் சொல்லத் தெரிந்த ஒரே முழுத் தமிழ் வாக்கியம் அது.

"பெட்டி எப்படிப் போகும்?"

என்ன பெட்டி என்று யாரும் கேட்கமாட்டார்கள். தோளைத் தட்டி நாலு விரலைக் காட்டுவார். நல்ல நாள் பார்த்து வீடு பார்க்க வந்த இடத்தில் சவப்பெட்டியைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அதில் நியாயம் இருந்தது. எங்கள் மலையில் நோயாளியானாலும் நாலு பேர் தூக்க வேண்டும், சவமானாலும் நாலு பேர் தூக்க வேண்டும். நாலு பேர் தூக்கித் திரும்ப முடியாத வீடு, அவர் கணக்கில் வீடே இல்லை. நான் மட்டும் கொஞ்சம் நாசூக்காக, "பெரிய சாமான் ஒண்ண நாலு பேர் தூக்கினா திரும்ப இடமிருக்குங்களா?" என்று மாற்றிக் கேட்கப் பழகிக்கொண்டேன். அப்படிக் கேட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு.

எங்கள் ஆட்களுக்கு வீடு பார்க்கத் தெரியாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். கூரைச் சீட்டில் ஓட்டை இருக்கிறதா என்று உள்ளே நின்று வெளிச்சத்தைத் தேடுவார்கள். குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா, கக்கூசு பொதுவா தனியா என்று முதல் கேள்வியே அதுதான். காலமெல்லாம் லயத்துப் பொதுப் பீலித் தண்ணிக்கு வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் ஒன்றை மட்டும் கேட்கமாட்டார்கள். நான் பார்த்த அத்தனை வருஷத்திலும் ஒரு தோட்டத்து ஆள்கூடத் தானாக அதைக் கேட்டதில்லை. இந்தப் பாதை யாருடையது என்ற கேள்வி.

காரணம் இருக்கிறது. தோட்டத்தில் மண்ணெல்லாம் கம்பெனிக்கு, லயமும் கம்பெனிக்கு. ஆனால் நடப்பதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேயிலைக்குள் குறுக்கே இறங்குவோம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு குறுக்குப்பாதை, கோயிலுக்கு ஒன்று, தேயிலை ஸ்டோருக்கு ஒன்று. நடந்து நடந்து விழுந்த பாதைகள். அதற்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான், அவன் நினைத்தால் மறிப்பான் என்ற யோசனையே எங்கள் தலையில் ஏறாது. சொந்த வீடு வாங்கும்போதும் அதே புத்தியோடு போய், வீட்டை வாங்கிவிட்டு வழியில்லாமல் நிற்பார்கள்.

யோகா டீச்சரின் கதைக்கு வருகிறேன்.

யோகேஸ்வரி ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம். தாய் இல்லை. அப்பா வேலாயுதம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலையில் பேர்போனவர். மழை நாளில் மலையிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. மட்டமான தரையில் கம்பு ஊன்றி நடப்பார். படி என்றால் ஒன்றுகூட ஏற முடியாது. அவர்கள் லயமோ பள்ளத்தில் கிடந்தது. ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் மேலே மேலே படிதான். கிளினிக்குக்குப் போகிற நாளில் பக்கத்துக் காம்பராப் பையன்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். மற்ற நாளெல்லாம் காம்பரா வாசல்தான் அவருக்கு உலகம்.

நான் போனபோது மனுஷன் சிரித்துக்கொண்டுதான் பேசினார். "பஸ் சத்தம் கேக்குது மிஸ், பஸ்ஸத்தான் காணோம்" என்றார். நானும் சிரித்தேன். திரும்பிப் படியேறும்போது ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே வந்தேன். வீடு வாங்குவதில் யோகாவுக்கு வேறு எந்த நோக்கமும் கிடையாது. யாரும் தூக்காமல் அப்பா தன் காலால் ரோட்டுக்குப் போய்வர வேண்டும். தாய் தோட்டத்தில் உழைத்துச் சேர்ந்த சேமலாபப் பணம், அவள் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, எங்கள் கடன் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரே ஒரு வீடு வாங்கலாம். தப்பான வீடு அமைந்துவிட்டால் இன்னொன்றுக்கு வழியில்லை.

அவள் இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தாள்.

ஒன்று கொட்டகலைப் பக்கம். பழைய வீடு, தகரக் கூரை, அழகு பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. காலை வெயில் நேராக அடுப்படிக்குள் விழுந்தது. கடைசி அறையில் நான் சொக்ஸோடு நின்று பார்த்தேன், ஒட்டக் காய்ந்த தரை. சேரின் புத்தி எனக்கும் தொற்றிவிட்டது, என்ன செய்ய? வாசல் வரைக்கும் பிரதேச சபை ரோடு, யாரும் மறிக்க முடியாது. ஒரே குறை, அந்த ரோடு செங்குத்தாக ஏறியது. நான் ஏறும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. பள்ளிக்கூடமும் தூரம்.

மற்றது ஹட்டன் டவுன் ஓரம். புது வீடு, டைல்ஸ் தரை. அடுப்படி கொஞ்சம் இருட்டு, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். பின்னறையில் ஈரம் லேசாக இருந்தது, கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பினால் சரியாகிவிடும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸும் பக்கத்தில். வீட்டு முன்னால் வெயில் விழுகிற ஒரு துண்டு நிலம். அந்த இடத்தைக் காட்டும்போது மட்டும் யோகாவின் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. லயத்து வாசலில் பழைய பால்மாத் தகரத்தில் டேலியா வளர்த்தவள், மண்ணிலேயே நடலாம் என்று நினைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மெயின் ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் கொங்கிரீட் பாதை. ஒரு படி இல்லை. மட்டமென்றால் அப்படியொரு மட்டம்.

"பாத்தீங்களா மிஸ், அப்பாவுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

நான் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு ஹார்ட்வெயார் கடை. கடைக்கும் அதன் பின்பக்க ஸ்டோர் சுவருக்கும் நடுவில் பாதை புகுந்து, ஒரு மூலையில் திரும்பி, வீட்டுக்கு வந்தது. ரோட்டோரத்தில் பாதையின் இரண்டு பக்கமும் தூண். ஒரு தூணில் கேட் மாட்டுகிற இரும்புக் கொண்டி இரண்டு பதித்திருந்தது. புதுச் சீமெந்து. கேட் இல்லை. கேட் இல்லாத தூணுக்குக் கொண்டி எதற்கு என்று என் மூளை அரிக்கத் தொடங்கிவிட்டது.

வீட்டை விற்கிறவரிடம் பாதை யாருடையது என்று கேட்டேன். எல்லோரும் நடக்கிற பாதைதான் என்றார், பார்வை வேறெங்கோ இருந்தது. நாலு பேர் தூக்கித் திரும்ப இடமிருக்குமா என்றும் கேட்டு வைத்தேன். அவ்வளவுதான், யோகா கொதித்துப்போய்விட்டாள்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல கேக்குற கேள்வியா மிஸ் இது? பாதை பாதைங்கறீங்க. நம்ம தோட்டத்துல எந்தப் பாதைக்கு யாருகிட்ட உறுதிப் பத்திரம் கேட்டோம்?"

நான் இது தெளிவாகாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அவள் விறுவிறுவென்று எங்கள் ஒபீசுக்கே போய்விட்டாள். எனக்கும் வீம்பு, பின்னாலேயே போனேன். விஜேசேகர சேரின் முன்னால் உட்கார்ந்து நல்ல சிங்களத்தில் என்னைப் பற்றி முறையிட்டாள். இந்த மிஸ்ஸுக்கு நல்லது பொறுக்காது, வாய் திறந்தால் அபசகுனம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சேர் முழுவதையும் கேட்டார். அவளுக்கு டீ வரவழைத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, தோளைத் தட்டி, நாலு விரலைக் காட்டி, "பெட்டி எப்படிப் போகும்?" என்றார். அபசகுனம் எந்த ஊற்றிலிருந்து வருகிறதென்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியிருக்கும். பிறகு சேர் சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார்: இரண்டு பேரும் போய்க் கடைக்காரரிடம் கேளுங்கள், இப்போதே.

கடைக்காரர் நிஸாம் நானா வாளியும் ஆணியும் தொங்குகிற கடைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் கறார். நான் கேட்டதும் மறைக்காமல் சொன்னார்.

"அது எங்கட வாப்பாட காணி மிஸ். அவங்க நடக்குறாங்க, நான் ஒண்டும் செல்லல்ல. அதுக்காக அது அவங்கட பாதையாகுமா? சாமான் வெக்க எடம் பத்தல்ல. கேட் போட்டு, அப்புறம் அதுல ஸ்டோர் கட்டப்போறன். வாங்க வாறவங்க வந்து கேட்டிருந்தா அப்பவே செல்லியிருப்பன். ஒத்தரும் கேக்கல்ல."

அவர் பேசி முடிப்பதற்குள் யோகா அங்கிருந்த சீமெந்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பொலபொலவென்று அழுதாள். "அப்பாவ டைல்ஸ் போட்ட லயத்துல கொண்டுபோய் அடைக்கப் பாத்தேனே மிஸ்" என்றாள். நிஸாம் நானா பதறிப்போய் ஓர் ஓரேஞ்ச் சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

இப்போது என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்று எழுதுவதுதான் உலகத்திலேயே சுலபமான வேலை. எழுதிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்னலாம். எல்லாவற்றையும் தராசில் வைத்தால் கொட்டகலை வீடுதான் ஜெயித்தது. தண்ணீர், வெயில், காய்ந்த தரை, யாரும் மறிக்க முடியாத ரோடு. ஆனால் வேலாயுதம் அண்ணனின் இடுப்புக்கு அந்த ஏற்றம் ஆகாது. நல்ல ஊற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அவர் அந்த வாசலிலும் பஸ் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். வீடு நல்ல வீடுதான், அந்த மனுஷனுக்கு நல்ல வீடில்லை. அன்றைக்கு ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முடிவு செய்துவிட்டேன், ஹட்டன் வீட்டை விடக்கூடாது, பாதையைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்து வந்த நாளெல்லாம் நான் நிஸாம் நானாவின் கடையே கதியென்று கிடந்தேன். ஆணி வாங்கப் போனேன், பல்பு வாங்கப் போனேன், ஒன்றும் வாங்காமலும் போனேன். பாதைக்குப் பணம் தருவதாகச் சொன்னால் மனுஷன் கையை விரித்தார். பணம் அவருக்குப் பிரச்சினை இல்லை, சாமான் வைக்க இடம்தான் பிரச்சினை. "எடத்துக்குப் பதிலா எடம் தாங்க, பேசலாம்" என்றார். அவர் அதைச் சும்மா சொன்னாரோ என்னவோ, எனக்குச் சட்டென்று அந்த வெயில் விழும் துண்டு நிலம் ஞாபகம் வந்தது. அது அவர் ஸ்டோர் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. ஸ்டோரை அந்தப் பக்கம் நீட்டினால் பாதையைத் தொட வேண்டியதேயில்லை.

யோகாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அந்த நிலத்தைக் கொடுத்தால் டேலியாவும் இல்லை, ஹோலுக்குள் வருகிற வெயிலும் பாதி போய்விடும், வீட்டு முகத்துக்கு முன்னால் ஒரு சுவர் வந்து நிற்கும். பெறுமதி குறையும் என்றும் சொன்னேன், அதைச் சொல்வது என் கடமை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தகரத்துலயே வளத்துக்குறேன் மிஸ்" என்றாள். "பூவுக்கு நடக்கத் தேவையில்ல."

நான் எத்தனையோ பேர் வீடு வாங்கப் பார்த்திருக்கிறேன். எது வேண்டும், எதை விடலாம் என்று இவ்வளவு தெளிவாக ஒரே பேச்சில் முடித்த ஆளை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒபீஸ் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

விற்கிறவருக்கு வீடு விலைபோனால் போதும், தலையாட்டிவிட்டார். நிஸாம் நானாவும் சம்மதித்தார். ஆனால் பாதையின் அகலம் என்று வந்ததும் அவருக்கு வியாபாரப் புத்தி எட்டிப்பார்த்தது. ஓர் ஆள் தாராளமாக நடக்கிற அகலம் தருகிறேன், திருப்பத்தில் ஸ்டோர் மூலை இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்றார். இடத்தைப் பார்க்க விஜேசேகர சேர் வந்திருந்தார். யோகா அப்பாவையும் த்ரீவீலில் கூட்டி வந்திருந்தாள், வாங்கப்போகிற வீட்டை அவரும் பார்க்கட்டும் என்று. சேர் பாதையை ஒருமுறை நடந்து பார்த்தார். திருப்பத்தில் நின்றார். நான் மனசுக்குள் முருகா முருகா என்றேன், நோயாளி மனுஷனை வைத்துக்கொண்டு இவர் கேட்டுவிடக் கூடாதே என்று. கேட்டுவிட்டார்.

"பெட்டி எப்படிப் போகும்?"

யோகா தரையைப் பார்த்தாள். அப்போது கம்பை ஊன்றி நின்ற வேலாயுதம் அண்ணன் கடகடவென்று சிரித்தார்.

"பெட்டி எதுக்கு சேர், ஆளே நிக்கிறேன். தூக்கித்தான் பாருங்களேன்."

கடைக்குள்ளிருந்து ஒரு நாற்காலி வந்தது. அண்ணன் அதில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டார். கடையில் இருந்த வேலையாட்கள் இரண்டு பேர் பின்கால்களைப் பிடித்தார்கள். முன்கால்களுக்கு ஆள் இல்லை. சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு காலைப் பிடித்தார். அவரைப் பார்த்து நிஸாம் நானாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றக் காலைப் பிடித்தார். ஊர்வலம் புறப்பட்டது. நேர்ப் பாதையில் எப்படியோ இடித்துப் பிடித்துப் போனார்கள். திருப்பத்துக்கு வந்ததும் மாட்டிக்கொண்டது. முன்னே தள்ளினால் பின்கால் சுவரில் இடித்தது, பின்னே இழுத்தால் முன்கால் இடித்தது. நடுவில் அண்ணன் மேலே உட்கார்ந்துகொண்டு இடது பக்கம், வலது பக்கம் என்று கங்காணி மாதிரிக் கட்டளை போட்டார். நிஸாம் நானா கையை எடுக்கப் போக, அவர் கைமுட்டி அவருடைய ஸ்டோர் மூலையிலேயே உரசித் தோல் கிளம்பிவிட்டது.

நாற்காலியை இறக்கி வைத்தார்கள். நானா முட்டியை ஊதிக்கொண்டே சுவரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"நானா, உசுரோட இருக்கையிலேயே மாட்டிக்கிட்டேன். பெட்டி போற அன்னைக்கு உங்க முட்டிதான் இன்னமும் பாவம்" என்றார் அண்ணன்.

நிஸாம் நானாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உரிந்த கையாலேயே ஸ்டோர் மூலையைத் தட்டி, "இத ஒடச்சிப்போடுவம். நாக்காலி திரும்புற அகலம், சரிதானே மிஸ்? எழுதிக்கோங்க" என்றார். என்னைக் கேட்டுச் சொன்னார் பாருங்கள், என்னை. எனக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. நொத்தாரிசு வந்து நிலத்துக்குப் பாதையை மாற்றி உறுதி எழுதினார், வீடு யார் கைக்கு மாறினாலும் பாதை வீட்டோடு போகும் என்று. மேசன் பாஸ் ஒருவர் மூலையை உடைத்து வளைவாகப் பூசிவிட்டார். பின்னறை ஈரத்துக்கு கான் வெட்டினார்கள். தூணில் இருந்த கொண்டியை நிஸாம் நானா தன் கையாலேயே அறுத்து எடுத்தார். நான் என் கையெழுத்தைப் போட்டுச் சேரிடம் கொண்டுபோனேன். எதையும் வரிவரியாக வாசித்து, அங்கே இங்கே கேள்வி கேட்டு ஆளைச் சாகடிக்கிறவர், அன்றைக்கு வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். "ஹொந்தய்" என்றார். நல்லது என்று அர்த்தம். அவ்வளவு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. பென்ஷனைவிட அதைத்தான் பெரிதாக வைத்திருக்கிறேன்.

ஒபீஸ் பிள்ளைகளே, உங்கள் வீடியோவில் அந்த வீடு எப்படி வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டைல்ஸ் பளபளக்கும். மட்டமான பாதை அழகாகத் தெரியும். தூணும் தெரியும், கொண்டியும் தெரிந்தாலும் தெரியும். அது எதற்கு என்று கேட்க ஆள் இருந்திருக்காது. கேட்டாலும் மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஒருத்தியும், சோடா உடைக்க ஒருத்தரும் இருந்திருக்கமாட்டார்கள். மலையேறுங்கள். நனையுங்கள். ஒன்றும் கரைந்துபோகமாட்டீர்கள்.

பால் காய்ச்சும் நாளுக்கு யோகா எங்களை வீட்டுக்கு வந்து அழைத்தாள். முதல் பத்திரிகை எனக்கு, அபசகுனம் பிடித்த மிஸ்ஸுக்கு. நல்ல நேரம் காலையில் கொஞ்ச நேரம்தான் என்று ஐயர் சொல்லியிருந்தார். விஜேசேகர சேர் வெள்ளைச் சட்டையில் வந்து, வழக்கம்போலத் தண்ணீர் வாங்கிக் குடித்து, சப்பாத்தைக் கழற்றிக் கடைசி அறையில் போய் நின்றுவிட்டு வந்தார். காற்சட்டைப் பைக்குள் கை போகவில்லை. நிஸாம் நானா ஒரு புது வாளி நிறைய டேலியாக் கிழங்கு கொண்டுவந்திருந்தார், எங்கே கேட்டு வாங்கினாரோ. தன் ஸ்டோர் சுவர் நெடுக ஆணியடித்துத் தகரம் தொங்கவிட்டுக்கொள்ளச் சொல்லி யோகாவுக்கு அனுமதியும் கொடுத்தார்.

வேலாயுதம் அண்ணனை த்ரீவீல் ரோட்டில் இறக்கிவிட்டது. தூக்குகிறோம் என்று போன ஆட்களை அவர் கம்பாலேயே விலக்கினார். தூணைத் தாண்டினார். கடையைத் தாண்டினார். உடைத்த மூலையில் நின்று வளைவைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வீட்டு வாசலில் யோகா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் அடுப்பில் பால் நுரைத்துக்கொண்டு மேலே ஏறியது. அண்ணன் வாசல் வரைக்கும் வந்தார். நிலைப்படியை ஒரு கையால் தொட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே திரும்பி வந்த வழியே நடக்கத் தொடங்கிவிட்டார்.

ரோட்டுக்குப் போய் நின்றார். ஒரு பஸ் போனது. பார்த்தார். திரும்பி வந்தார். வாசலுக்கு வந்து மறுபடியும் திரும்பினார். ஐயர் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யோகாவின் கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நல்ல நேரம் போகுதுப்பா."

"இரும்மா," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. "ரோடு வரைக்கும் இன்னொருக்கா போயிட்டு வந்துடுறேன்."

நாங்கள் எல்லோரும் வாசலில் காத்து நின்றோம்.